பூட்டுக் கடைப் பக்கத்தைத் திருத்திய கை

அத்தியாயம் ஏழு

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் இது. அடுத்தவர் தலையில் அல்ல, சொந்தத் தலையில். முந்தைய அத்தியாயங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம். கிணற்றுக்குள் லாரி துரத்திய இடத்தை வாசகர்கள் சிலர் நம்பவில்லை என்று கேள்வி. அவர்கள் மனம் கோணக் கூடாது என்பதற்காகவே இந்த முறை ஒரு கால்புள்ளியைக்கூடக் கற்பனையாகப் போடவில்லை.

துப்பறியும் நிலையத்தின் கதவு அன்று காலை தட்டப்படவில்லை. உதைக்கப்பட்டது.

ஒட்டடை போய்த் திறந்தான். ஒட்டடைக்குச்சி போல வளர்ந்தவன் என்பதால் அந்தப் பெயர். மற்றபடி அவன் எதையும் சுத்தம் செய்ததாகச் சரித்திரம் இல்லை. துப்பறிபவள் அவனுடைய அண்ணி. ஊர் அவளைக் கடுகு என்று அழைத்தது. உயரத்தில் அவன் மார்புக்குத்தான் வருவாள். கோபத்தில் அவன் தலைக்கு மேல் ஒரு முழம் நிற்பாள். அவள் முறைத்தால் பால் திரிந்துவிடும் என்று அவனுடைய அண்ணன் சொல்வதுண்டு. அது பொய். அவர்கள் வீட்டுப் பால் மட்டும் திரியாது, பக்கத்து வீட்டுப் பாலும் சேர்ந்துதான் திரியும்.

நிலையம் என்பது ஒரு பல் வைத்தியரின் அறைக்கு மேலே, மாடியில், ஒற்றை அறை. கீழே இருந்து எழும் அலறலைக் கேட்டே பாதிக் குற்றவாளிகள் படியேறி முடிப்பதற்குள் உண்மையைக் கக்கிவிடுவார்கள். மீதிப் பாதிக்குத்தான் கடுகு தேவைப்பட்டாள்.

உதைத்தவள் உள்ளே வந்தாள். அகன்ற தோள். முதுகுக்காக இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை பெல்ட். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் ஒரு பெரிய வட்டத்தைப் பிடிப்பதுபோல் முன்னே நீட்டி, பிறகு அங்கே ஒன்றும் இல்லை என்பது ஞாபகம் வந்து மடியில் போட்டுக்கொண்டாள். நகரப் பேருந்து ஓட்டியவள். தெரிந்தவர்கள் டிரைவரம்மா என்பார்கள்.

“நான் செஞ்ச பக்கத்தை எவனோ நல்லா பண்ணிட்டான்,” என்றாள்.

ஒட்டடைக்கு வாய் சும்மா இருக்காது. “நல்லா பண்ணினவனை எதுக்குங்க தேடறீங்க? நன்றி சொல்லவா?”

“கழுத்தை நெரிக்க.”

கடுகுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

விஷயத்தை டிரைவரம்மா பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள். முதுகுத் தண்டு தேய்ந்துபோனதால் இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாரம் தூக்கக் கூடாது, நின்று வேலை செய்யக் கூடாது. உட்கார்ந்து செய்யும் வேலையாகத் தேடித் தேடி, வலைப்பக்கம் கட்டித் தரும் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். இந்த வயதில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். எல்லாம் படிப்பது என்பது ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றுவது மாதிரிதான், ஆனாலும் மாற்றினாள். முதலாவது, பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்வது. இரண்டாவது, இருப்பதெல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது. வீடு கட்டுவதும் வெள்ளையடிப்பதும் போல.

அலுவலகத்தில் காலியாக இருப்பது ஒரே ஒரு நாற்காலி. பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்து, மிஞ்சியவர்கள் இவளும் இன்னொருவனும். கடைசிப் பரீட்சை, உண்மையான ஒரு கடைக்கு லேண்டிங் பேஜ் கட்டுவது. அதாவது வாசற்பக்கம், வருகிறவன் முதலில் வந்து நிற்கிற இடம். இவள் தன் தம்பியின் பூட்டுக் கடையை எடுத்துக்கொண்டாள். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்குப் போய்க் கதவைத் திறந்து கொடுப்பது தம்பியின் தொழில்.

சில நாளாக இணையத்தில் ஓடிக்கொண்டிருந்த பக்கத்தை முந்தின நாள் மாலை மதிப்பெண்ணுக்கு ஒப்படைத்தாள். காலையில் போய்ப் பார்த்தால் அது அவள் பக்கமே இல்லை. பளபளவென்று இருந்தது. அலுவலகத் தலைவர் எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு, இது புதிதாகப் படிப்பவர் கை இல்லை, காசு கொடுத்து யாரை வைத்துச் செய்தீர்கள் என்று கேட்டார். சாயங்காலம் விசாரணை. அதற்குள் செய்தது யார் என்று சொல்லாவிட்டால் நாற்காலி போய்விடும். கூடவே திருடி என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் இந்தத் தொழிலில் எந்தக் கதவும் திறக்காது.

“உங்க பழைய பக்கம் இருக்கா?” என்று கடுகு கேட்டாள்.

டிரைவரம்மா தயங்கித் தயங்கி ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தாள். ஒட்டடை அதை நிலையத்தின் கிழட்டு லேப்டாப்பில் செருகித் திறந்தான்.

சிவப்புத் தரையில் மஞ்சள் எழுத்து. நடுவில் ஒரு ராட்சதச் சாவி சுழன்றுகொண்டிருந்தது. அது சுழன்ற வேகத்தில் மேஜை மேல் இருந்த காகிதங்கள் படபடத்தன. ஒட்டடை ஒரு டம்ளரை எடுத்து அவற்றின் மேல் வைத்தான். சாவிக்குக் கீழே மூன்று விதமான எழுத்தில் வாழ்த்துரை. அதற்கும் கீழே, வெகு கீழே, கிணற்றின் அடியில் தவளை போல, போன் நம்பர் கிடந்தது. அதுவும் படமாக. சுவரில் இருந்த பல்லி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

“அழகா இருக்குன்னு நினைச்சேன்,” என்றாள் டிரைவரம்மா.

“அழகுதாங்க. கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டுப் பார்த்தா ரொம்ப அழகு,” என்றான் ஒட்டடை.

கடுகு எழுந்துவிட்டாள். கேட்காமல் உதவி செய்கிறவன் திருடனைவிட மோசம் என்பது அவள் கட்சி. திருடனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். இவன் கொடுத்துவிட்டுப் போவான், நாம் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். அவள் புருஷன் ஒரு முறை அவளைக் கேட்காமல் சமையலறை அலமாரியை ஒழுங்கு செய்தான். அதன் பிறகுதான் அவன் அடிக்கடி வெளியூர் போகும் வேலையைத் தேடிக்கொண்டான்.

அந்த அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. நீளமான அறை, வரிசையாக மேஜைகள், எல்லாருடைய பக்கங்களையும் வைத்திருக்கும் பொதுக் கணினி ஒன்று மூலையில். யார் நுழைந்தார்கள் என்று பார்த்துச் சொல்லுமே, அந்தப் பதிவைக் காட்டுங்கள் என்று கடுகு கேட்டாள். காட்டினார்கள். எல்லாரும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் நுழைகிறார்கள் என்று தெரிந்தது. பாஸ்வேர்டு ரகசியம்தான், அதனால் யாரும் மறந்துவிடாதபடி கடிகாரத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

“விஞ்ஞானம் கைவிட்டுடுச்சு அண்ணி,” என்றான் ஒட்டடை.

“அது எப்போ நம்ம கையைப் பிடிச்சது?” என்றாள் கடுகு.

திருத்தப்பட்ட பக்கத்தை டிரைவரம்மா திறந்து காட்டினாள். காட்டும்போதே அவள் கழுத்து நரம்பு புடைத்தது. காலையிலிருந்து அதையே வரிவரியாக முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம், எதிரியின் முகத்தைப் பார்ப்பதுபோல. இங்கே பாருங்கள், நான் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று வைத்திருந்தேன், அவன் தலை, உடல், கால் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறான். இங்கே பாருங்கள், நான் எல்லாவற்றுக்கும் கறாராக அளவு கொடுத்திருந்தேன், போனில் பார்த்தால் பக்கம் வெளியே வழியும். இவன் திரை எவ்வளவோ அவ்வளவு என்று எழுதியிருக்கிறான். படம் தெரியாவிட்டால் அது என்ன படம் என்று சொல்ல ஒவ்வொன்றுக்கும் வார்த்தை வைத்திருக்கிறான். நம்பரை உச்சியில் பட்டனாக வைத்திருக்கிறான், தொட்டால் போன் போகிறது.

“நான் வரிக்கு வரி ‘இதுதான் முக்கியம், இதுதான் முக்கியம்’னு சி.எஸ்.எஸ்.ல கத்தி வச்சிருந்தேன்,” என்றாள் பற்களுக்கு நடுவே. “ஒரு சத்தத்தைக்கூட விட்டு வைக்கலை, பாவி. எல்லாத்தையும் மெதுவா பேச வச்சிருக்கான்.”

முதல் சந்தேகம் போட்டியாளன் மேல் விழுந்தது. அவன் எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை போடுவான் என்பதால் இஸ்திரி என்று பெயர். கடுகு அவன் மேஜைக்குப் போய் நின்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் பழையபடி இருந்திருந்தால் நானே ஜெயித்திருப்பேன், நான் ஏன் அதைத் திருத்த வேண்டும் என்று மிக நிதானமாகக் கேட்டான்.

கடுகு அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். அவள் குனிய வேண்டியது கொஞ்சம்தான்.

“கெடுத்திருந்தா எல்லாரும் அவங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பாங்க. நல்லதாக்கினா திருடின்னு சொல்வாங்க. எதிரியை ஒழிக்கிறதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியலை. உனக்குத் தெரியுமா?”

இஸ்திரியின் சட்டையில், வரலாற்றில் முதல் முறையாக, ஒரு சுருக்கம் விழுந்தது. அது தோளில் தொடங்கி மெதுவாக மணிக்கட்டு வரை போனதை ஒட்டடை தன் கண்ணால் பார்த்தான்.

டிரைவரம்மா அவன் காலரைப் பிடிக்கப் போனாள். கடுகு தடுத்து, அவனுடைய சொந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். வெளியே பார்க்க அது அவன் சட்டை போலவே இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்று காட்டச் சொன்னதும் அவன் முகம் போன போக்கு சரியில்லை. டிரைவரம்மா எட்டிப் பார்த்தாள். அவள் போட்ட அதே கத்தல்கள், அவளைவிட இரண்டு மடங்கு. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுப்போட்டு, ஒட்டின் மேல் ஒட்டுப்போட்டு, எப்படியோ மேலே மட்டும் நேராக நிற்க வைத்திருந்தான்.

“மேல இஸ்திரி, உள்ள கந்தல்,” என்றான் ஒட்டடை.

அவ்வளவு தெரிந்தவனாக இருந்தால் முதலில் தன்னுடையதைச் சரிசெய்துகொண்டிருப்பான் என்று கடுகு சொல்லிவிட்டு நடந்தாள். இஸ்திரி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தப்பித்ததைவிட மாட்டியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது போலிருந்தது.

அடுத்தது தம்பியின் பூட்டுக் கடை. மூன்று தெரு தள்ளி, இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே ஓர் அலமாரி அளவுக்கு இருந்தது அது. உள்ளே நுழைய வேண்டுமானால் தம்பி வெளியே வர வேண்டும். சுவர் முழுக்கச் சாவிகள். அவன் வலது காதில் போன், இடது காதில் போன், மூன்றாவது போன் கல்லாவின் மேல் துள்ளிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து இதேதான் என்று சொன்னான். வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவர்கள், காருக்கு வெளியே மாட்டிக்கொண்டவர்கள், குளியலறைக்கு உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவர். ஊரே பூட்டிக்கொண்டு நிற்கிறது. இத்தனை நாள் இவர்கள் எல்லாம் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள் என்று அவனுக்கே புரியவில்லை. நேற்று வரை அந்தப் பக்கத்தைப் பார்த்து அழைத்தவர் ஒரே ஒருவர்; அவரும் சாவி சுற்றுவதை நிறுத்தச் சொல்லத்தான் அழைத்தார்.

“செஞ்சவன் யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும் அக்கா. கையெடுத்துக் கும்பிடுவேன்.”

டிரைவரம்மாவின் முகத்தைப் பார்த்து ஒட்டடை ஓரடி பின்வாங்கினான். பின்வாங்க இடமில்லாததால் தெருவில் போய் நின்றான்.

“உன் அக்காவை ஊர் முன்னாடி திருடின்னு சொல்றாங்க. நீ கும்பிடப் போறியா?” அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அந்தப் பக்கம் எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் அதுல ஒவ்வொரு எழுத்தும் நான் தட்டினது. அதை அழிச்சுட்டு ஒருத்தன் போயிருக்கான். உனக்குப் போன் வருது, அது போதும் உனக்கு.”

தம்பி இரண்டு காதிலிருந்தும் போனை இறக்கினான். அவனும் இப்போது கோபமாகத்தான் இருந்தான். அக்கா திருடி என்று பெயர் வாங்க அவனுக்கு மட்டும் ஆசையா, அக்கா பஸ் ஓட்டிச் சம்பாதித்துத்தானே இந்தக் கடையையே வைத்தான் என்று கேட்டான். கும்பிடுவேன் என்றுதான் சொன்னான், கும்பிட்டு முடித்ததும் உதைக்க மாட்டேன் என்று சொன்னானா? அவனுக்குக் கணினி வராது. பூட்டைத் திறப்பான், ஃபைலைத் திறக்க மாட்டான். அதோடு அந்தப் புதுப் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை என்றே இன்னும் போட்டிருக்கிறது. ஞாயிறுதான் அவனுக்கு வியாபாரமே. எத்தனை தடவை சொல்லியும் அக்கா மாற்றவில்லை.

கடுகு சட்டென்று திரும்பினாள். “அது பழைய பக்கத்துலயே அப்படித்தான் இருந்துதா?”

ஆமாம் என்றாள் டிரைவரம்மா. மறந்துபோயிற்று என்றாள்.

கடுகு கடையை விட்டு இறங்கித் தெருவில் வேகமாக நடந்தாள். ஒட்டடையின் ஒரு எட்டுக்கு அவளுக்கு மூன்று எட்டு ஆகும். ஆனால் கோபத்தில் நடக்கும்போது அவன்தான் ஓட வேண்டியிருக்கும். ஓடிக்கொண்டே கேட்டான், என்ன கண்டுபிடித்தீர்கள் என்று.

அவள் நடந்துகொண்டே சொன்னாள். கடை மேல் அக்கறை இருக்கிறவன் முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் மாற்றியிருப்பான். திருத்தியவன் வார்த்தை ஒன்றைக்கூடத் தொடவில்லை. தப்பான கிழமையையும் அழகாக, நடுவில், சரியான இடைவெளி விட்டு வைத்திருக்கிறான். அவனுக்குப் பூட்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம். இன்னொன்று. வருகிறவர்கள் யாருமே பார்க்க முடியாத இடம் இருக்கிறதே, உள்ளே, அந்த சி.எஸ்.எஸ். ஃபைல், அதில்கூட ஒவ்வொரு வரியையும் அகரவரிசைப்படி அடுக்கியிருக்கிறான். வரியின் தொடக்கமெல்லாம் நூல் பிடித்தாற்போல் இருக்கிறது.

“வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்காக வாசலைப் பெருக்குவாங்க. பரண் மேல இருக்கிற பெட்டிக்கு அடியில யாராவது பெருக்குவாங்களா?”

“எங்க வீட்டுல வாசலையே பெருக்க மாட்டோம் அண்ணி.”

“வாயை மூடு. இது பகையில செஞ்சது இல்ல. லாபத்துக்குச் செஞ்சதும் இல்ல. இது அரிப்பு.”

அவள் நின்றாள். அரிப்புக்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம் என்றாள். இன்னொரு தடவை அரிக்க வைத்தால் போதும். பிறகு பின்னால் வந்துகொண்டிருந்த டிரைவரம்மாவைத் திரும்பிப் பார்த்து, அவள் திரும்ப எடுத்து வைத்திருந்த அந்தப் பென் டிரைவைக் கேட்டாள்.

டிரைவரம்மா கொடுக்கவில்லை. அதை எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டுவதா என்று கேட்டாள். அந்தப் பல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவளும் பார்த்திருந்தாள்.

“திருடின்னு பேர் வாங்கறது மேலா, தெரியாதவன்னு பேர் வாங்கறது மேலா?” என்றாள் கடுகு.

டிரைவரம்மா பென் டிரைவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

சாயங்காலம் எல்லாரும் அந்த நீள அறையில் கூடினார்கள். இஸ்திரி சுவரோரம் நின்றான். தம்பி மூன்று போனையும் வாய் கட்டிக் கொண்டுவந்திருந்தான். தலைவர் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். அவரைத் தொழிலில் எல்லாரும் அரைப்புள்ளி என்பார்கள். சி.எஸ்.எஸ்.ஸில் வரி முடிந்தால் அரைப்புள்ளி வைக்க வேண்டும். யாராவது வைக்காமல் விட்டால் அவருக்கு அடுத்த அறையில் இருக்கும்போதே தும்மல் வரும். கணினி முன்னால் பழுத்த மனிதர். பேச ஆரம்பித்தால் மேஜை அதிரும்.

அவர் எதிரே இருந்த திரையில் ஒட்டடை ஏற்கெனவே பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். சிவப்பும் மஞ்சளும் அவர் முகத்தில் அடித்தன. சாவி சுழன்ற காற்றில் ஜன்னல் திரை உப்பியது.

அரைப்புள்ளி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர் டிரைவரம்மாவைப் பார்த்துத்தான் தொடங்கினார். இந்த அலுவலகத்தில் திறமை இல்லாதவர்களை மன்னித்திருக்கிறேன், சோம்பேறிகளை மன்னித்திருக்கிறேன், அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறவர்களை மட்டும் மன்னித்ததில்லை என்றார். அந்தப் பக்கத்தைக் காலையில் பார்த்தபோது தனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றார். என்ன தெளிவு, என்ன அடக்கம், எத்தனை வருஷத்துப் பழக்கம் அந்தக் கைக்கு இருக்க வேண்டும். அந்த மேதை எங்கே இருந்தாலும் அவரை வணங்குகிறேன், ஆனால் அவரைப் பயன்படுத்திக்கொண்டவரை இந்த வாசலை மிதிக்க விடமாட்டேன் என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. இடது கை மேஜையைக் குத்தியது.

ஒட்டடைக்கு முதலில் தெரிந்தது காற்று நின்றதுதான். ஜன்னல் திரை தொய்ந்து விழுந்தது. அவன் திரும்பிக் கணினியைப் பார்த்தான். சாவி சுழலவில்லை.

அரைப்புள்ளி டிரைவரம்மாவின் கண்ணைப் பார்த்தபடி இடி முழக்கிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மட்டும், அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல், கீபோர்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் எழுத்து கறுப்பாயிற்று. சிவப்புத் தரை வெளுத்தது. பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றிலிருந்து கழன்று வரிசையாக நின்றன. கிணற்றடியில் கிடந்த போன் நம்பர் எழுந்து, படியேறி, உச்சியில் போய்ப் பட்டனாக உட்கார்ந்தது. அவர் நேர்மையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கை அகரவரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தது.

அவர் பேச்சை முடித்து, தண்ணீர் குடிக்கத் திரும்பியபோதுதான் திரையைப் பார்த்தார்.

“இதை யார் தொட்டது?” என்று கத்தினார். “இங்கே பாருங்க, அதே கை. அதே கை மறுபடியும்.”

“அதே கைதான் சார்,” என்றாள் கடுகு. “உங்க தோள்லதான் இருக்கு. பாருங்க.”

அவர் பார்த்தார். ஒரு விரல் இன்னும் கீபோர்டின் மேல் இருந்தது. கடைசி அரைப்புள்ளியை அப்போதுதான் வைத்திருந்தது.

கோணலாக எதைப் பார்த்தாலும் நேராக்கி நேராக்கி, அந்தக் கை அவரைக் கேட்பதையே எப்போதோ நிறுத்திவிட்டது. முந்தின நாள் மாலை மதிப்பெண் போட உட்கார்ந்தவர் பக்கத்தைத் திறந்திருக்கிறார். மனசு வேறெங்கோ இருந்திருக்கிறது. கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. காலையில் வந்து அதைக் கண்டு மெய்சிலிர்த்துப்போய், தன்னைவிடப் பெரிய மேதை என்று தன்னையே நினைத்துவிட்டார்.

“கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டவரை இப்போதான் பார்க்கறேன்,” என்றான் ஒட்டடை.

சுவரோரத்திலிருந்து இஸ்திரி கோபமாகக் கேட்டான். “என் பக்கத்தையும்தானே சார் திறந்தீங்க. அதை ஏன் திருத்தலை?”

மேலே பார்க்க நன்றாக இருந்தது, உள்ளே பார்க்கவில்லை என்றார் அரைப்புள்ளி, நிமிராமல். இஸ்திரி தன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டான்.

அரைப்புள்ளியின் முகம் சிவந்து, கறுத்து, திரும்பவும் சிவந்தது. தப்பை ஒப்புக்கொள்ளத் தெரியாதவர்கள் செய்வதை அவரும் செய்தார். இன்னும் பலமாகக் கத்தினார். சரி, திருட்டு இல்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியென்றால் இந்த அம்மா செய்தது எது? இப்போது என் கண்ணைக் குத்தியதே, அது. அதைச் செய்தவருக்கு நாற்காலி கிடையாது. திருடியாக இருந்திருந்தாலாவது நல்லது எது என்று தெரிந்து திருடியிருப்பார்.

டிரைவரம்மா எழுந்தாள். அவள் அவரைப் பார்த்து நடந்த நடையில் தம்பி “அக்கா, வேண்டாம்” என்றான். இஸ்திரி நாற்காலிக்குப் பின்னால் போனான்.

அவள் அடிக்கவில்லை. அவருடைய நாற்காலியை அவரோடு சேர்த்துப் பக்கத்தில் தள்ளிவிட்டு, வேறொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் இருந்த அவருடைய திருத்தத்தை முழுக்க அழித்தாள். தன் பழைய பக்கத்தையும் அழித்தாள். வெறும் வெள்ளை மிஞ்சியது.

பிறகு தட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தும் ஓர் அறை மாதிரி விழுந்தது. தலை என்று ஒன்று வைத்தாள். ‘வெளியே மாட்டிக்கிட்டீங்களா?’ என்று பெரிதாக ஒரே ஒரு கேள்வி. அதற்குக் கீழே தொட்டால் அழைக்கும் நம்பர். தெருவில் நிற்கிறவனுக்கு ஒரு கையில் பை இருக்கும், வெயில் அடிக்கும், அவனுக்கு வாழ்த்துரை எதற்கு என்று தட்டிக்கொண்டே உறுமினாள். படத்துக்கு வார்த்தை வைத்தாள். வெள்ளைத் தரை, கறுப்பு எழுத்து. அகலத்தைத் திரையிடமே விட்டாள். ஒரு நாள் முழுக்க எதிரியின் முகத்தை முறைத்துப் பார்த்திருந்தவளுக்கு அதில் எந்த மச்சம் எதற்காக இருக்கிறது என்பது மனப்பாடமாகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்று எழுதியபோது தம்பி மூக்கை உறிஞ்சினான்.

கடைசியில் கடையின் முகவரி. அதைத் தட்டி முடித்ததும் அது அடியில் நேராக நிற்காமல் வலது பக்கமாகச் சரிந்து, பட்டனின் தோளில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

அரைப்புள்ளியின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அவர் வலது கை தானாக எழுந்து கீபோர்டை நோக்கி நீண்டது.

பளீரென்று ஒரு சத்தம். கீழே பல் வைத்தியர் இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

“கையை எடுங்க,” என்றாள் டிரைவரம்மா.

அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியவில்லை. சரிந்து கிடந்த அந்த முகவரி அவரைக் கொன்றுகொண்டிருந்தது.

“கடைசிப் பெட்டியை மூடலை, அந்த டிவ்வை,” என்றார், ஏறக்குறைய அழுதுவிடும் குரலில்.

“தெரியும். நான் மூடுவேன்.”

“எப்போ?”

“நாளைக்கு. இந்த நாற்காலியில உக்காந்து.”

அவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சிவந்துபோன தன் கையைப் பார்த்தார். இன்று ராத்திரி தனக்குத் தூக்கம் கிடையாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சீக்கிரமாக வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

கடுகு கடிகாரத்துக்குக் கீழே இருந்த பாஸ்வேர்டைப் பிய்த்து, நான்காகக் கிழித்து, அரைப்புள்ளியின் சட்டைப் பையில் செருகிவிட்டுப் படியிறங்கினாள். ஒட்டடை பின்னாலேயே போனான். பின்னால் அறையில் டிரைவரம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அவன் சொன்னான். எழுந்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைக்கிறாளோ என்னவோ.

இதெல்லாம் நடந்து முடிந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்த அலுவலகத்துக்கு முதல் கணினி வந்து இறங்கியது.